பருத்த உடலும் பழுதுறும் நரம்பும்

உடல் அளவுக்கு மிஞ்சிப் பருத்தலால் இருதயம் நலியும், இரத்தக் கொதிப்பு ஏறும், முழங்கால் தேயும் என்பனவற்றை இன்று அறியாதார் அரியர். அப்பருமன் நரம்பையும் அரிக்கும் என்பதை அறிந்தாரோ மிகச் சிலர். நரம்புத் தளர்ச்சி என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர் மனம் லேகிய விளம்பரங்களின்பால் ஓடிவிடுகின்றது. நாம் ஈண்டுக் கூறப் புகுவது அத்தளர்ச்சியன்று. தொடுவுணர்ச்சியையும், சூடு குளிர்ச்சிகளையும், நோவையும் பாதத்தினின்று மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்புகள் நுனியிலிருந்து பட்டுப்போகும் வியாதியையே நாம் குறிக்கின்றோம். இவ்வியாதிக்குத் தேகப்பயிற்சி என்ன செய்யும், உடலை இளைக்கச் செய்யும் ரண சிகிச்சை என்ன செய்யும் என்பது பற்றிச் சென்ற இருபது முப்பது ஆண்டுகளில் நடந்துள்ள ஆராய்ச்சிகள் நம் நாட்டார் ஊன்றி நோக்கத்தக்கன.

முதலில் நரம்பின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். இடுப்பருகே முதுகெலும்பை ஒட்டியுள்ள சிறு முடிச்சுகளில் நரம்பின் உயிரணுக்கள் உறைகின்றன. கண்ணுக்குப் புலனாகாத அவ்வணு ஒவ்வொன்றும் கால்விரல் நுனி வரையில் ஓர் இழையை நீட்டி நிற்கின்றது. அவ்விழையின் நீளம் சுமார் 1 மீட்டர். அணுவில் உண்டாகும் பொருள்கள் யாவும் அத்துணைத் தூரம் பயணஞ்செய்து நுனியை அடைய வேண்டும். வாய்க்காலில் நீர் குறைந்தால் கடைமடை வயல் முன்னே காய்வதன்றோ? அதுபோலவே உடலின் போஷணை முறை கெடுங்கால் மிக நீண்ட இழைகளே முதலிற் பட்டுப்போகின்றன. ஆதலின் நோய் கால்விரலில் தொடங்கி, காலுறையை மேலே இழுப்பதுபோல் மெல்ல ஏறும். முழங்காலை அது எட்டும் சமயத்தில் கைவிரல் நுனியிலும் மரமரப்புக் காணும்.

இரவிற் பாதம் எரிதல், ஊசி குத்துதல், பஞ்சின்மீது நடப்பதுபோலத் தோன்றுதல் ஆகியன இதன் குறிகள். எரிச்சல் உள்ளவன் வைத்தியனை நாடுவான்; அவனுக்கு அவ்வளவு அபாயமில்லை. உணர்ச்சியே அற்றுப்போனவன் நிலைதான் இரங்கத்தக்கது. காலிலிருந்து செருப்பு நழுவியதை அறியாமல் வீதியில் நடந்து போகும் பெரியவர்களை நாம் கண்டதில்லையா? அவர்கள் முள் தைத்ததையும் அறியார். கொப்புளம் புண்ணானதையும் அறியார். ஈற்றில் விரலையோ பாதத்தையோ அறுத்தெறிய வேண்டியதாகிறது. வலி நமக்குப் பகையென்று எண்ணுகிறோம். அது வாயிற்காவலன் என்பது காவலன் போன பின்னரே விளங்குகிறது.

இந்நோய் நீரிழிவுக்காரருக்கே உரியது என்று நெடுங்காலமாக நம்பி வந்தனர். அந்நம்பிக்கையை அசைத்தவர்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆன் ஆர்பர் நகரிலுள்ள மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள். பிரையன் காலகன், ஈவா பெல்ட்மன் என்போர் தம் குழுவினருடன் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிகப் பருத்த 102 பேரையும், மெலிந்த உடலினர் 53 பேரையும் சோதித்தனர். மெலிந்தவருள் நூற்றுக்கு 3.8 பேருக்கே நரம்பு நோய் காணப்பட்டது. பருத்தவருள் நீரிழிவு உடையாரிடத்து அது 34.6 ஆகவும், நீரிழிவின் வாயிலில் நிற்போரிடத்து 29 ஆகவும் இருந்தது. இதில் வியப்பில்லை. இரத்தத்தில் சர்க்கரை சரியான அளவில் இருந்தும் உடல் மட்டும் பருத்திருந்தவரிடத்தும் 11.1 என்று காணப்பட்டதே கவனிக்கத்தக்கது. மெலிந்தவரினும் இஃது ஏறக்குறைய மூன்று மடங்கு. ‘எனக்குச் சர்க்கரை இல்லை, ஆகவே எனக்கென்ன?’ என்று மார்தட்டும் தொந்திக்காரர் இவ்வெண்ணை நினைவில் வைப்பாராக. சீன தேசத்தில் பிங்கு என்னும் பகுதியில் நடந்த ஆராய்ச்சியிலும் நீரிழிவுக்கு அடுத்தபடி நரம்பைக் கெடுப்பது உடற்பருமனே என்ற முடிவு கிடைத்தது.

பருமன் நரம்பை எங்ஙனம் கெடுக்கின்றது? ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்டிரியா எனப்படும் நுண்ணிய உலைகள் உண்டு. உணவை எரித்துச் சக்தியாக்குபவை அவையே. நரம்பிழையில் இவ்வுலைகள் ஓரிடத்தில் நிலையாக இரா. சக்தி வேண்டும் இடந்தோறும் ஊர்ந்து செல்லும். வெண்ணெயிலும் பாமாயிலிலும் மிகுந்துள்ள பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பை எலியின் நரம்பணுக்கள்மீது ஆராய்ச்சிச் சாலையில் அளவுக்கு மேல் செலுத்தியபோது இவ்வுலைகளின் ஓட்டம் தடைப்பட்டது. ஆலிவ் எண்ணெயிலும் நமது நிலக்கடலை எண்ணெயிலும் உள்ள ஒலியிக் அமிலத்தை உடன் சேர்த்தபோது அத்தடை நீங்கிற்று. கொழுப்பு மிகுந்த தீனியால் நரம்பு கெட்ட எலிகளைச் சாதாரணத் தீனிக்கு மாற்றியபோது நரம்பும் தேறிற்று. எலிக்கு ஆனதெல்லாம் மனிதனுக்கும் ஆகுமென்று விதியில்லை. இதைக் கேட்டதும் கடலை எண்ணெய்ப் பலகாரத்துக்கு அநுமதி கிடைத்துவிட்டதாக எவரும் கொள்ளற்க. எனினும், சர்க்கரை ஒன்றே குற்றவாளியன்று, கொழுப்பும் உடந்தை என்பது இவற்றால் தெரிகின்றது. நீரிழிவின் இரண்டாம் வகையில் சர்க்கரையை எவ்வளவு கண்டிப்பாக அடக்கினும் நரம்பு நோய் சொற்பமாகவே குறைகின்றது என்ற அநுபவத்துக்கும் இது பொருந்துகிறது.

தேகப்பயிற்சிக்கு வருவோம். இத்தாலியில் 2006-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியே இவ்விஷயத்தில் முன்னோடி. நரம்பு நோய்க்குறி ஏதுமில்லாத நீரிழிவுக்காரர் 78 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுள் ஒரு பகுதியாரை வாரத்துக்கு 4 மணி நேரம் மேற்பார்வையில் விரைந்து நடக்கச் செய்தனர். இவ்வாறு 4 ஆண்டுகள் நடத்தினர். நடவாதாருள் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பேருக்கு உணர்ச்சி நரம்புகள் பழுதுற்றன. நடந்தாருள் 6 பேருக்குச் சற்றே அதிகம். தசைகளை இயக்கும் நரம்புகள் நடவாதாருள் நூற்றுக்கு 17 பேருக்குக் கெட்டன. நடந்தாருள் ஒருவருக்கேனும் கெடவில்லை. மருந்துக் கடையில் இத்தகைய பலனளிக்கும் மாத்திரை ஒன்று விற்பனைக்கு வருமாயின் அதன் விலை என்னவாயிருக்கும் என்று வாசகர்களே யூகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் யூட்டா ராஜ்யத்துச் சர்வகலாசாலையார் இன்னும் ஒரு படி மேற்சென்றனர். தோலில் 3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சிறு துண்டை எடுத்து, அதிலுள்ள நரம்பிழைகளை நுண்கண்ணாடியில் எண்ணிப் பார்க்கும் முறை ஒன்றுண்டு. நீரிழிவின் வாயிலில் நின்று, நரம்பு நோயும் கண்ட 32 பேருக்கு உணவுத் திட்டமும் தேகப்பயிற்சியும் ஓராண்டு அளித்து இம்முறையில் எண்ணியபோது, தொடைத் தோலில் இழைகள் பெருகியிருந்தன, வலியும் தணிந்திருந்தது. இது 2006-ஆம் ஆண்டுச் செய்தி. 2014-ல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், நீரிழிவிருந்தும் நரம்பு நோய் காணாத 100 பேர் பங்கு கொண்டனர். அவர்களுள் ஒரு பகுதியாருக்கு வாயால் புத்திமதி மட்டும் சொல்லப்பட்டது. மற்றவர்கள் வாரந்தோறும் மேற்பார்வையில் பயிற்சி செய்தனர். ஓராண்டுக்குப் பின், பயிற்சி செய்தாருக்குக் காலின் அடிப்பகுதியில் மில்லிமீட்டருக்கு 1.5 வீதம் நரம்பிழைகள் கூடின. புத்திமதி மட்டும் கேட்டாருக்கு ஒன்றும் கூடவில்லை. புத்திமதியின் பயன் எம்மட்டு என்பதற்கு இதனினும் நல்ல அளவுகோல் வேண்டுவதில்லை. இக்கட்டுரைக்கும் அது பொருந்தும்.

பட்டுப்போன நரம்பு மீண்டும் துளிர்க்கும் என்பதே இதன் சாரம். மூளைக்கு வெளியேயுள்ள நரம்புகளுக்கு இயற்கை அளித்துள்ள வரம் அது. ஆனால் அத்துளிர் நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் அளவே நீளும். அதுவும் சூழ்நிலை அநுகூலமாயிருப்பின். ஆகவே ஒரு மாதம் நடந்துவிட்டுப் ‘பாதம் இன்னும் மரத்தே இருக்கிறது’ என்று நடையை நிறுத்துவோர் விதையிட்ட மறுநாளே கதிரைத் தேடுகின்றவர் ஆவர்.

உணர்ச்சி இழந்த பாதத்தோடு நடந்தால் புண் வராதா என்ற ஐயம் வைத்தியர்களுக்கே நெடுநாள் இருந்தது. அத்தகையோரை நடக்கலாகாது என்றே முன்னர்த் தடுத்து வந்தனர். அமெரிக்காவில் அவ்வாறு உணர்ச்சி குன்றிய 79 பேரைக் கொண்டு நடந்து 2008-ல் வெளிவந்த ஆராய்ச்சி, தக்க பாதரட்சையுடனும் மேற்பார்வையுடனும் நடந்தோருக்குப் புண் அதிகப்படவில்லை என்று காட்டிற்று. புண் ஏற்கெனவே இருப்பவர் மட்டும் அஃது ஆறும் வரையில் பொறுத்தல் வேண்டும். வெறுங்காலுடன் கோவிற் பிராகாரத்தை நடுப்பகலிற் சுற்றும் நம் வழக்கம் இந்நோயாளருக்கு ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கின்றோம்.

ஒருதலையாகப் பேசிவிடுதல் நியாயமன்று. அமெரிக்காவில் 2001-ல் தொடங்கி 5,145 நீரிழிவுக்காரரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த பேராராய்ச்சி ஒன்றில், உணவும் பயிற்சியும் கொண்டு எடை குறைத்தோர் நரம்பு நோயின் தொல்லைகள் குறைந்தன என்று கூறினர். வைத்தியர் பாதத்தைச் சோதித்துக் கண்ட குறிகளிலோ பெரிய வேற்றுமை தோன்றவில்லை. தொல்லை குறைவது சிறிதன்று. இரவில் உறங்கக் கிடைப்பதே எரிபாதக்காரனுக்குப் பெரும் பேறு. ஆனால் அதுவே முழு வெற்றி ஆகிவிடாது.

இனி ரண சிகிச்சை. ஐயோவா சர்வகலாசாலையில் எட்வர்ட் மேசன் என்ற ரண வைத்தியர் 1966-ல் தொடங்கிய முறை இன்றளவும் பற்பல திருத்தங்களுடன் நடைபெறுகின்றது. இரைப்பையை ஒரு சிறு கிண்ண அளவினும் குறையச் சுருக்கி, உணவு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாது கீழே செல்லும்படி திருப்பிவிடுதல் ஒரு வகை. இரைப்பையில் முக்காற் பங்குக்கு மேல் வெட்டியெடுத்து, எஞ்சியதைக் குழல்போல் ஆக்குதல் மற்றொரு வகை. இவற்றால் உண்ணும் அளவு குறைவதோடு, பசியையும் இன்சுலினையும் ஆளும் குடற்சுரப்புகளும் மாறுகின்றன. எடை குறையத் தொடங்குமுன்னரே சில நாட்களில் சர்க்கரை இறங்கிவிடுதலுமுண்டு. வட கரோலைனாவில் வால்டர் போரீஸ் என்ற நிபுணர் 1995-ல் வெளியிட்ட கணக்கின்படி, அச்சிகிச்சை பெற்ற நீரிழிவுக்காரருள் நூற்றுக்கு 83 பேருக்குச் சர்க்கரை சரியான அளவுக்குத் திரும்பிற்று. அக்காலத்தில் வைத்திய உலகம் இதை எளிதில் நம்பவில்லை.

சர்க்கரை இறங்கிற்று, நரம்பு தேறிற்றா? மேற்சொன்ன மிச்சிகன் குழுவினரே இதையும் ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டனர். சிகிச்சைக்குமுன் 127 பேரைச் சோதித்து, அவர்களுள் 79 பேரை 2 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நேரிற் சோதித்தனர். சராசரி 31 கிலோ எடை குறைந்திருந்தது. தொடைத் தோலில் நரம்பிழைகள் மில்லிமீட்டருக்கு 3.4 வீதம் கூடியிருந்தன. கணுக்காலருகேயோ கூடவில்லை, கெட்டுப் போகவுமில்லை, இருந்தபடியே நின்றது. வழக்கமாக ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே போகும் நரம்பு இரண்டாண்டு தேயாது நிற்பதே ஒரு லாபந்தான். ஆயினும் சிகிச்சை பெறாத மற்றொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டுப் பார்க்காத ஆராய்ச்சி இஃது என்பதால் இதைத் தீர்ந்த முடிவாகக் கொள்ளுதற்கில்லை. முதலில் தேறுவது தொடை, பாதம் கடைசி என்பது நரம்பின் நீளத்தை நினைத்தால் இயல்பாகவே தோன்றுகிறது.

நிற்க. இச்சிகிச்சைக்கு மற்றொரு முகம் உண்டு. அதை விளம்பரங்கள் பேசுவதில்லை. ஆகவே நாம் சற்று விரித்துரைத்தல் கடன். நரம்பைக் காக்கும் என்று நம்பிச் செய்துகொள்ளும் அதே சிகிச்சை நரம்பைக் கெடுப்பதுமுண்டு. மினசோட்டா ராஜ்யத்து ரோச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ வைத்தியசாலையார் 2004-ல் ஒரு கணக்கு வெளியிட்டனர். எடை குறைப்புச் சிகிச்சை செய்துகொண்ட 435 பேருள் 71 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 16 பேருக்கு, பின்னர் நரம்பு நோய் கண்டது. பித்தப்பையை எடுத்துவிடும் சிகிச்சை பெற்ற பருத்த உடலினர் 126 பேரில் 4 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. கத்தி பட்டதால் நேர்ந்ததாயின் இரு சாராருக்கும் ஒத்தே நேர்ந்திருக்க வேண்டும். காரணம் வேறு. மிக விரைவாகவும் மிக அதிகமாகவும் இளைத்தவர், வாந்தி பேதியால் நெடுநாள் அவதியுற்றவர், இரத்தத்தில் புரதம் குன்றியவர், சிகிச்சைக்குப் பின் போஷாக்கு வைத்தியரிடம் தலைகாட்டாதவர் ஆகியோருக்கே இது மிகுதியாக வந்தது.

இதில் முதற் குற்றவாளி தயாமின் என்னும் முதல் ‘பி’ ஜீவசத்துக் குறைவு. உடலில் அதன் சேமிப்பு சொற்பம். இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து வாந்தி எடுப்பவனுக்கு ஒன்றிரண்டு மாதங்களிலேயே கால் தளர்ந்து, கண் பார்வை இரட்டித்து, புத்தியும் தடுமாறத் தொடங்கும். இந்நிலையில் தயாமினைக் கொடாது வெறும் குளுக்கோஸ் நீரை நரம்பில் ஏற்றினால் கேடு முற்றும். இந்நோய்க்குப் பழம் பெயர் பெரிபெரி என்பது. தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் முடங்குவதை ஜாவாத் தீவில் ஐக்மன் கண்டறிந்ததும், 1918-ல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கியதும், அதுவே வளர்ந்து இன்று ஐதராபாத்தில் தேசிய போஷாக்கு நிலையமாக நிற்பதும் பலர் அறிந்தவை. பஞ்சத்தாலும் தவிட்டை நீக்கிய அரிசியாலும் ஏழைகளை வாட்டிய அந்த நோய், பெருஞ்செலவு செய்து வயிற்றைச் சுருக்கிக்கொண்டாரையும் பற்றுகிறது என்பது காலத்தின் விசித்திரம்!

அடுத்தது பன்னிரண்டாம் ‘பி’ சத்து. அது கிரகிக்கப்படுவதற்கு இரைப்பையின் அமிலமும், இரைப்பைச் சுவரில் ஊறும் ஒரு பொருளும் வேண்டும். இரைப்பையே சுருங்கிய பின் இவை எங்ஙனம் போதும்? ஈரலில் இதன் சேமிப்பு ஆண்டுக்கணக்கில் வரும் ஆதலால், குறைவு மெல்லவே வெளிப்படும். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று மாத்திரையை நிறுத்தியவனுக்கு ஆண்டுகள் கழித்துப் பாதம் மரக்கும். புலால் உண்ணாத நம்மவர் பலரிடத்து இச்சத்து முன்னரே குறைவு. நீரிழிவுக்கு மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்பவரிடத்தும் குறைவதுண்டு. இம்மூன்றும் ஒருவனிடத்தே சேர்ந்தால் என்னாகும் என்று சொல்லவும் வேண்டுமோ? செம்புச் சத்தும் சிறுகுடலின் முற்பகுதியில்தான் கிரகிக்கப்படுகின்றது. அது குன்றினால் முதுகுத்தண்டே பழுதுற்று நடை தள்ளாடும்.

பருமன் நரம்பை நசுக்குவதும் உண்டு. பருமன் திடீரென நீங்குவதாலும் நரம்பு நசுங்குவதுண்டு. சரிந்த தொந்தியும் இறுகிய இடைவாரும் அரையருகே ஒரு நரம்பை அழுத்துவதால் தொடையின் வெளிப்புறம் எரியும். எடை குறைந்தால் அது பெரும்பாலும் தீரும். முழங்காலின் வெளிப்புறத்தே எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்புக்கோ கொழுப்பே மெத்தையாயிருக்கிறது. விரைந்து இளைத்தவன் அம்மெத்தையை இழந்து, வழக்கம்போற் கால்மேற் கால் போட்டு உட்கார்ந்தால், அந்நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிவிடும்.

இவற்றையெல்லாம் கூறியது சிகிச்சையைப் பழிப்பதற்கன்று. 150 கிலோ எடையுடன் நாற்பது அடி நடக்க மூச்சு வாங்கும் ஒருவனிடம் ‘வாரம் 4 மணி நேரம் நட’ என்பது பரிகாசம். அவனுக்குக் கத்தியே முதலில் கதவைத் திறத்தல் கூடும். கத்தியால் திறந்த கதவின் வழியே அவன் நடந்தாக வேண்டும் என்பதே நம் வாதம். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகின்றது. தசையைக் காப்பது பயிற்சியும் புரதமுமே. இன்சுலினின் உதவியின்றியே இரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்வது உழைக்கும் தசை. நரம்புக்கு இரத்தம் ஊட்டும் நுண்குழாய்களை விரிப்பதும் உழைப்பே. இவ்வேலையை வயிற்றைச் சுருக்கும் கத்தி அவனுக்குப் பதிலாகச் செய்துவிடாது.

நம் தேசத்துக்கு இதில் என்ன என்று கேட்பார்க்கு ஒரு விடை. சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி, நீரிழிவுடையோர் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி, வயிறு பருத்தோர் 35.1 கோடி. ஆசியரிடத்துக் குறைந்த பருமனே மிகுந்த தீங்கு செய்கின்றது என்பதால், ரண சிகிச்சைச் சங்கத்தார் 2022-ல் நமக்கு எல்லையையே தாழ்த்திவிட்டனர். அவ்வெல்லைப்படி, 170 சென்டிமீட்டர் உயரமும் சுமார் 80 கிலோ எடையும் உள்ள ஒருவனுக்கே இச்சிகிச்சையை எடுத்துக் கூறலாம். நம் வீதியில் அவனைப் பருத்தவன் என்று எவரும் சொல்லார்; ‘நல்ல வாட்டசாட்டம்’ என்று புகழ்வர். ஆகவே இச்சிகிச்சை வருங்காலத்தில் நம் ஊர்களில் பெருகும் என்பது நிச்சயம். அதற்கேற்பப் பிற்காலக் கண்காணிப்பும் பெருகுமா என்பதே நம் கவலை.

சிகிச்சைக்கு இசையுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அதிகமில்லை. முதலாண்டில் எத்தனை முறை இரத்தத்தில் இச்சத்துகளைச் சோதிப்பீர்கள், அதன்பின் ஆண்டுதோறும் ஆயுள் முழுவதும் சோதிப்பதற்கு யார் பொறுப்பு, வாந்தி நில்லாவிடின் நள்ளிரவில் யாரை அழைப்பது, தயாமினை ஊசியாகச் செலுத்துவீர்களா என்று கேட்டல் வேண்டும். இவற்றுக்கு முகஞ்சுளிக்கும் இடத்தில் வயிற்றை ஒப்படைத்தலாகாது. சிகிச்சையை நாடாது நடையையே நம்புவோரும் தம் பாதத்தைச் சோதிப்பித்துக்கொள்ளுதல் நலம். அழுத்தினால் 10 கிராம் பளுவில் வளையும் ஒரு நைலான் இழையும், நொடிக்கு 128 தடவை அதிரும் ஓர் இசைக்கவையும் அதற்குப் போதும். சில நிமிஷங்களில் முடிந்துவிடும். நோயாளி காலுறையைக் கழற்ற வேண்டும். வைத்தியர் நாற்காலியினின்று எழுந்து குனிய வேண்டும்.